ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்குக் கோச்சிங் எதற்கு?

ஏ.டி.எச்.டி. என்பது கவனக்குறைவு, மிகைத் துடிப்பு ஆகியவற்றால் அறியப்படும் மூளை வளர்ச்சிக் குறைபாடு. செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்தும் அதைத் தொடங்கவும் முடிக்கவும் தடுமாறுகிறவருக்கு, வாரந்தோறும் உடனிருந்து வேலையைத் திட்டமிடவும் தொடரவும் உதவுவதே ஏ.டி.எச்.டி. கோச்சிங்.

தொடங்குவது, வரிசைப்படுத்துவது, நேரத்தைக் கணிப்பது, நினைவில் வைத்திருப்பது ஆகியவற்றை மூளையின் முன்பகுதி பெரிதும் கவனிக்கிறது. ஒரு கட்டட வேலையில் கொத்தனார், சித்தாள், செங்கல், சிமென்ட் எல்லாம் தயாராக இருந்தும், யார் எதை எப்போது செய்வது என்று சொல்லும் மேஸ்திரி நேரத்துக்கு வராவிட்டால் சுவர் எழும்பாது அல்லவா? ஏ.டி.எச்.டி.யில் திறமைக்குக் குறைவில்லை. மேஸ்திரிதான் சரியாக வருவதில்லை.

'வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும்' என்று மூன்று வாரமாகத் தள்ளிப்போடுபவரிடம் கோச் அறிவுரை சொல்வதில்லை. 'இன்று மாலை 6 மணிக்கு, மின்னஞ்சலில் படிவம் 16-ஐத் தேடி எடுப்பது மட்டும்' என்று வேலையைச் சுருக்கி, அந்த நேரத்தில் வீடியோ அழைப்பில் பேசாமல் உடன் அமர்ந்திருப்பார். பார்ப்பதற்கு அற்பமாகத் தோன்றினாலும், பலருக்கு அந்த மௌனத் துணைதான் தொடக்கத்தைத் தருகிறது. பிறகு நினைவூட்டல், சுவர்க் காலண்டர் போன்றவற்றை அவரவர் பழக்கத்துக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

கோச்சிங் மருந்துக்கு மாற்று என்று பலர் எண்ணுவது தவறு: குறைபாட்டைக் கண்டறிவதும் மருந்து தருவதும் மனநல மருத்துவரின் பணி, கோச்சின் பணி அன்று.