மாநகராட்சி ஆனதால் பட்டா செல்லாதா?

கேள்வி: காரைக்குடியை ஒட்டிய சங்கராபுரத்தில் எங்களுக்குச் சொந்த வீடும், பக்கத்தில் ஒரு காலி மனையும் உள்ளன. ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்த்துவிட்டதால் பட்டா, பத்திரம், ஆதார் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், எட்டாயிரம் ரூபாய் கொடுங்கள் என்கிறார் ஒரு புரோக்கர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 2024இல் காரைக்குடி, புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை நான்கும் மாநகராட்சி ஆனதிலிருந்து இந்த வசூல்தான் நடக்கிறது. உங்கள் ஆவணங்களைப் பொறுத்தவரை மாறியிருப்பது உங்களிடம் வரி வாங்குகிற அலுவலகம் மட்டும். பட்டா வருவாய்த் துறையுடையது, தாசில்தார் அதே தாசில்தார். பத்திரம் பதிவுத் துறையுடையது. பின்கோடு தபால் துறையுடையது. இதில் எதுவும் மாநகராட்சியின் கையில் இல்லை. ஆதாரில் ஊராட்சி பெயர் இருந்தாலும் அது செல்லும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கிராமக் கணக்கில் உங்கள் நிலத்துக்குச் சர்வே எண் இருக்கும். நகரப் பகுதியில் நகர அளவை செய்யும்போது வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர அளவை எண்) என்று புதிதாகக் கொடுப்பார்கள். அது நடந்த பிறகு விற்கவோ கடன் வாங்கவோ போனால், பத்திரத்தில் பழைய எண், அரசுக் கணக்கில் புது எண் என்று இடிக்கும். அப்போது பழைய எண்தான் இந்தப் புது எண் என்பதற்கான விவரத்தைத் தாலுகா அலுவலகத்தில் வாங்கிப் பத்திரத்தோடு வைத்துக்கொண்டால் போதும். ஊரை இணைத்த அன்றே எண் மாறிவிடாது. அளந்தால்தான் மாறும். அளக்க ஆள் வந்தால் வீட்டில் இருங்கள், பெயரும் பரப்பும் சரியாக ஏறுகிறதா என்று பாருங்கள். இந்த நேரத்தில் அசட்டையாக இருந்துவிட்டு அப்புறம் வருடக்கணக்கில் அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டு வரி இனி சொத்து வரி. வரி விதிப்பு எண் மாறும். ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. காலி மனைக்கும் வரி வரும். ஊராட்சி ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொரு வலை இருக்கிறது. 'மாநகராட்சி எல்லைக்குள் வந்துவிட்டது, இனி அப்ரூவல் பிரச்சினை இல்லை' என்று மனை விற்பார்கள். பச்சைப் பொய். அங்கீகாரம் இல்லாத மனை மாநகராட்சிக்குள் வந்தாலும் அங்கீகாரம் இல்லாத மனைதான். 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்குத்தான், அங்கீகாரம் இல்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. உங்கள் காலி மனையின் அங்கீகார எண்ணை இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள்.

'சீக்கிரம் கலெக்டர் ஆபீஸ் வருகிறது' என்று விலை ஏற்றுவதும் அப்படித்தான். ஓசூர் 2019இலேயே மாநகராட்சி, ஆனால் மாவட்டத் தலைநகரம் இன்றும் கிருஷ்ணகிரிதான். உங்களுக்கும் சிவகங்கைதான்.

இந்த இணைப்பால் உங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போனவர்களுக்கு நஷ்டம் உடனே வந்துவிட்டது, அது கிராம ஊராட்சிகளுக்கான வேலை. அதைப் பற்றி எந்தப் புரோக்கரும் பேசமாட்டார், கமிஷன் கிடையாதே!