ஆப்பிரிக்கப் பெண் எழுத்தாளர்கள் பலர் தங்களைப் ‘பெண்ணியவாதி’ என்று சொல்லிக்கொள்ளத் தயங்கியது ஏன்? அவர்களைப் படிக்க எங்கிருந்து தொடங்கலாம்?

தயங்கியது உண்மைதான். நைஜீரியாவின் புச்சி எமெசெட்டா 1986இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாட்டில், தான் பெண்ணியவாதி (‘ஃபெமினிஸ்ட்’) என்றால் அந்தச் சொல்லைப் பெரிய ‘எஃப்’ இல்லாமல் ஆங்கிலத்தின் சின்ன ‘எஃப்’ போட்டு எழுதும் பெண்ணியவாதி என்றார். அதற்கு முந்தைய ஆண்டு நைஜீரிய விமர்சகர் சிக்வென்யே ஒகுன்யெமி ‘வுமனிசம்’ (கறுப்பினப் பெண்களின் நிலையிலிருந்து பேசும் பெண்ணியம்) என்ற மாற்றுப் பெயரை முன்வைத்திருந்தார். அதே நாட்டு விமர்சகர் மொலாரா ஒகுன்டிபே 1994இல் ‘ஸ்டிவானிசம்’ (ஆப்பிரிக்கச் சமூக மாற்றத்தில் பெண்களையும் சேர்ப்பது) என்றார். எல்லோரும் தயங்கவில்லை. கானாவின் அமா அட்டா ஐடூ, ஆணும் பெண்ணும் எல்லோருமே பெண்ணியவாதிகளாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர்.

தயக்கத்துக்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இரண்டு. மேற்கத்தியப் பெண்ணியம் காலனி ஆதிக்கத்தையும் நிறவெறியையும் கண்டுகொள்ளவில்லை என்பது ஒன்று. ‘வெள்ளைக்காரிகளிடமிருந்து கடன் வாங்கிய சரக்கு’ என்று உள்ளூர் ஆண்கள் தாக்கினார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் சரியே. ஆனால் அந்த நாவல்களைப் படித்தபின் எனக்கு அதைவிட ஆழமான காரணம் ஒன்று தென்படுகிறது. அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1963இல் அமெரிக்கப் பெண்ணிய எழுத்தாளர் பெட்டி ஃப்ரீடன் எழுதியது அமெரிக்கப் புறநகர் வீடுகளில் அடைபட்டுக் கிடந்த படித்த இல்லத்தரசிகளைப் பற்றி. வெளியே வா, வேலைக்குப் போ, உனக்கென்று ஒரு வாழ்க்கையைத் தேடிக்கொள் என்பது அங்கே பெரிய கோரிக்கை. மேற்கு ஆப்பிரிக்காவில் அந்தக் கோரிக்கை யாரிடம் போய் நிற்கும்? அங்கே சந்தையே பெண்கள் கையில் இருந்தது. 1929இல் தென்கிழக்கு நைஜீரியாவில், பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்று தெரிந்ததும் ஆயிரக்கணக்கான இக்போ, இபிபியோ பெண்கள் திரண்டு, ஆங்கிலேயர் நியமித்த தலைவர்களையும் நீதிமன்றங்களையும் எதிர்த்து நின்றார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்களை அரசு சுட்டுக் கொன்றது. அந்தப் பெண்கள் உழைத்தார்கள், விற்றார்கள், சம்பாதித்தார்கள், தெருவில் இறங்கிப் போராடவும் செய்தார்கள். அப்படியிருந்தும் அவர்கள் வாழ்க்கை அவர்களுடையதாக இல்லை. ஏன் என்ற கேள்விக்கு மேற்கிலிருந்து வந்த புத்தகங்களில் பதில் இல்லை. அந்தக் கேள்வியை அவர்களேதான் எழுதிப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் எழுதிப் பார்த்தவர் நைஜீரியாவின் ஃப்ளோரா ந்வாப்பா. 1966இல் ‘எஃபுரு’ வந்தது. ஆப்பிரிக்கப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி லண்டனில் பதிப்பிக்கப்பட்ட முதல் நாவல் அது. எஃபுரு வியாபாரத்தில் கைராசிக்காரி. பரிசம் கொடுக்க வக்கில்லாத ஒருவனை விரும்பி அவனோடு போய்விடுகிறாள், பிறகு இருவருமாகச் சம்பாதித்துப் பரிசத்தைக் கட்டுகிறார்கள். அவளுக்குப் பிறந்த ஒரே மகள் இறந்துபோகிறாள். கணவன் வேறொருத்தியோடு போய்விட்டவன், மகளின் சாவுக்குக்கூட வரவில்லை. இரண்டாவது கணவன் அவள் நடத்தையைச் சந்தேகிக்கிறான், அவள் அவனை விட்டு வெளியேறுகிறாள். ஊர் ஏரியின் தெய்வமான உஹாமிரி அவளைத் தன் அடியாளாகத் தேர்ந்தெடுக்கிறாள். நாவலின் கடைசியில் எஃபுரு அந்த ஏரித் தெய்வத்தைக் கனவில் காண்கிறாள். தெய்வத்துக்கு அழகு இருக்கிறது, செல்வம் இருக்கிறது, மகிழ்ச்சியும் இருக்கிறது. குழந்தை மட்டும் இல்லை. தாய்மையின் இன்பத்தையே அறியாதவள் அவள், பிறகு ஏன் பெண்கள் அவளைக் கும்பிடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு நாவல் நின்றுவிடுகிறது.

அந்தக் கடைசி வரிகளிலிருந்துதான் எமெசெட்டா பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத் தன் நாவலுக்குத் தலைப்பு எடுத்தார்: ‘தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்’, 1979. ‘தாய்மையின் இன்பங்கள்’ என்று சொல்லலாம். ஒரு பெண் எழுத்தாளர் கேள்வியோடு நிறுத்திய இடத்தில் இன்னொரு பெண் எழுத்தாளர் கதையை எடுத்துக்கொள்கிறார். இதைவிடப் பெரிய இலக்கிய உரையாடல் எனக்குத் தெரியாது.

நாவல் 1934இல் லாகோஸில் தொடங்குகிறது. சில வாரக் குழந்தை இறந்துகிடப்பதைக் கண்ட ந்னு ஈகோ, கார்ட்டர் பாலத்திலிருந்து குதித்துச் சாக ஓடுகிறாள். கூட்டம் கூடி அவளைத் திட்டுகிறது. அவள் பைத்தியமல்ல, மலடி இல்லை என்று உலகுக்குக் காட்டிய குழந்தையை இழந்தவள் என்று தெரிந்ததும் கூட்டம் அப்படியே இளகிவிடுகிறது. அவர்களுக்கு அது நியாயமான காரணமாகப் படுகிறது. அந்த ஊர் முழுக்க ஏற்றுக்கொண்ட சட்டம் எது என்பதை அந்த இளக்கத்திலேயே எமெசெட்டா காட்டிவிடுகிறார்.

ந்னு ஈகோவின் முதல் கணவன், பிள்ளை இல்லை என்று அவளைத் தோட்ட வேலைக்கு அனுப்பியவன். இரண்டாவது கணவன் ந்னைஃபே லாகோஸில் வெள்ளைக்காரத் தம்பதியின் துணி துவைப்பவன். அவனைப் போருக்கு ஆள்பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவள் சிகரெட்டும் தீப்பெட்டியும் விறகும் விற்றுப் பிள்ளைகளை வளர்க்கிறாள். மகன்களைப் படிக்க வைக்கிறாள், மகள்களை அந்தப் படிப்புக்காக உழைக்க வைக்கிறாள். பிறகு நீதிமன்றக் காட்சி ஒன்று வருகிறது. மகள் யொரூபா இளைஞனை விரும்பினாள் என்பதற்காக ந்னைஃபே கத்தியோடு பாய்ந்ததால் வந்த வழக்கு. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டினார்கள் என்று வழக்கறிஞர் கேட்கிறார். தான் கட்டியதாகச் சொல்லும் ந்னு ஈகோ, உடனே, குடும்பத் தலைவர் அவர், கடவுள் நம்மை உடைமையாக வைத்திருப்பதுபோல் அவர் என்னை வைத்திருக்கிறார், ஆகவே நான் கட்டினாலும் அவர் கட்டியதாகத்தான் அர்த்தம் என்கிறாள். நீதிமன்றம் சிரிக்கிறது. அவள் யாரையும் ஏமாற்றவில்லை, தனக்குக் கற்றுத்தரப்பட்டதை நேர்மையாகச் சொல்கிறாள். அந்தப் பக்கத்தில் என்னால் மேலே படிக்க முடியாமல் புத்தகத்தை மூடிவைத்தேன். தான் உழைத்த காசு தன்னுடையது இல்லை என்பதை அவள் இவ்வளவு தெளிவாக வாதிட முடிகிறதே, அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

அவள் சக்களத்தி அடாக்குவையும் சொல்ல வேண்டும். ந்னைஃபேயின் அண்ணன் இறந்தபின் வழக்கப்படி தம்பிக்கு வந்து சேர்ந்தவள். இரண்டு பெண் பிள்ளைகள்தான், ஆண் வாரிசு இல்லை. ஒரு தகராறில் நியாயம் அவள் பக்கம் இருந்தும், மகன் பெறாதவளுக்கு என்ன பேச்சு என்று ஊர்க்காரர்கள் அவளையே கடிந்துகொள்கிறார்கள். அன்றோடு அவள் அந்த வீட்டை விட்டு வெளியேறுகிறாள். தன் மகள்களைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். ஊர் அவளுக்குக் கெட்ட பெயர் வைக்கிறது. அவள் நன்றாக வாழ்கிறாள். ந்னு ஈகோவோ, மகன்கள் வெளிநாடு போய்ச் சேர்ந்தபின், ஊர்ச் சாலையோரத்தில் யாரும் கைபிடிக்க இல்லாமல் இறக்கிறாள். மகன்கள் ஊரே மெச்சச் செலவு செய்து இறுதிச் சடங்கு நடத்துகிறார்கள். பிள்ளை வரம் கேட்க அவளுக்குக் கோயில் எழுப்புகிறார்கள். அவள் யாருக்கும் வரம் கொடுப்பதில்லை. ந்வாப்பாவின் கேள்விக்கு எமெசெட்டா தந்த பதில் அதுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதை எழுதியவரின் வாழ்க்கையும் தெரிந்துகொள்ளத் தக்கது. பதினாறு வயதில் திருமணம், லண்டன், இருபத்திரண்டு வயதுக்குள் ஐந்து குழந்தைகள். அவர் எழுதிய முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கணவர் எரித்துவிட்டார். அதை மறுபடி எழுதி 1976இல் ‘தி பிரைட் பிரைஸ்’ என்று வெளியிட்டார்.

அதே 1979இல் செனகலில் பிரெஞ்சில் வந்தது மரியாமா பாவின் நாவல். ஆங்கிலத்தில் ‘சோ லாங் எ லெட்டர்’. ஆப்பிரிக்காவில் வெளியாகும் புத்தகங்களுக்கான நோமா விருது அடுத்த ஆண்டு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதற்குத்தான் கிடைத்தது. கணவன் இறந்து இத்தா (விதவை வீட்டில் தனித்திருக்கும் இஸ்லாமியத் துக்க காலம்) இருக்கும் ராமதுலாயே, தோழி ஐசாத்துவுக்கு எழுதும் நீண்ட கடிதம் அது. ராமதுலாயே ஆசிரியை, பன்னிரண்டு பிள்ளைகளின் தாய். கணவன் மோது, சொந்த மகளின் பள்ளித் தோழியை இரண்டாவதாக மணந்துகொண்டவன். அவன் இறந்தபின் கணக்கு வழக்குகள் வெளியே வரும்போது அவளுக்குத் தெரிகிறது: இளைய மனைவிக்கு வாங்கிய வீட்டின் கடனுக்கு, தாங்கள் இருவரும் சேர்ந்து சேமித்துக் கட்டிய வீட்டையே அடகு வைத்திருக்கிறான். பத்திரத்தில் அவன் பெயர் மட்டும்தான். ந்னு ஈகோவின் பள்ளிக் கட்டணக் காட்சி இங்கே, படித்த நடுத்தர வர்க்கத்தில், மறுபடியும் நடக்கிறது. நாற்பதாம் நாள் முடிந்ததும் கணவனின் அண்ணன் வந்து அவளை மணக்க உரிமை கோருகிறான். முப்பது ஆண்டு மௌனத்துக்குப் பிறகு அவள் வாய் திறக்கும் அந்தப் பக்கங்களுக்காகவே இந்த நாவலைப் படிக்கலாம். ஆனாலும் அவள் மார்க்கத்தை விட்டு விலகவில்லை, திருமணத்தின் மேல் உள்ள நம்பிக்கையையும் விடவில்லை. அதனால் அவளைக் கோழை என்று சொல்லத் தோன்றலாம். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. சக்களத்தி வந்ததும் விவாகரத்து வாங்கிக்கொண்டு போன ஐசாத்துவையும், இருந்து தாங்கிய ராமதுலாயேயையும் அருகருகே வைத்து, இருவரையும் தோழிகளாகவே கடைசிவரை வைத்திருக்கிறார் பா.

ஜிம்பாப்வேயின் சித்சி டங்கரெம்கா எழுதிய ‘நெர்வஸ் கண்டிஷன்ஸ்’ 1988. தன் அண்ணன் செத்ததற்கு வருந்தவில்லை என்று ஒரு சிறுமி சொல்வதுதான் முதல் வரி. அண்ணன் இருந்தவரை குடும்பம் படிக்க வைக்க நினைத்தது அவனை மட்டுமே என்பதால் வந்த வரி அது. எனக்கு அந்த நாவலில் மறக்க முடியாதவள் அந்தச் சிறுமியின் பெரியம்மா மாய்குரு. முதுகலைப் பட்டம் வாங்கியவள். அவளும் வேலை செய்யாவிட்டால் கணவன் இப்போது செய்வதில் பாதிகூட அவனால் செய்ய முடியாது. ஆனால் தன் சம்பளம் தன் கைக்கு வந்ததே இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

மூன்று நாடு, மூன்று மொழிச் சூழல், மூன்று வர்க்கம். விறகு விற்பவள், பள்ளி ஆசிரியை, முதுகலைப் பட்டதாரி. மூவரும் சம்பாதிக்கிறார்கள், மூவரின் சம்பாத்தியமும் இன்னொருவர் பெயருக்குப் போகிறது. ‘வேலைக்குப் போனால் விடுதலை’ என்ற பெண்ணியத்திடம் இவர்கள் ஏன் முழுதாகச் சேரவில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

எகிப்தின் நவால் எல் சாதாவியை இந்த வரிசையில் நான் சேர்க்காததற்குக் காரணம் அவர் வேறு வகை என்பதே. அவரிடம் தயக்கம் என்ற பேச்சே இல்லை. கனாத்திர் சிறையில் தூக்குக்குக் காத்திருந்த ஒரு பெண்ணைச் சந்தித்து எழுதினார், 1981இல் அதே சிறையில் அவரையும் அடைத்தார்கள். தனியாக ஒரு பதிலே எழுதலாம்.

தொடங்குவதற்கு மரியாமா பாவைத்தான் சொல்வேன். சின்னப் புத்தகம், குரல் உடனே பிடித்துக்கொள்ளும். அடுத்து எமெசெட்டா. அதன்பின் ‘எஃபுரு’வுக்குத் திரும்பிப் போங்கள். கால வரிசைப்படி தொடங்கினால் ந்வாப்பாவின் எளிய நடையில், வழியெல்லாம் பெண்கள் பேசிக்கொண்டே இருக்கும் அந்த நாவலில், ஒன்றும் நடக்கவில்லையே என்று பலர் பாதியில் வைத்துவிடுகிறார்கள். எமெசெட்டாவைப் படித்துவிட்டுப் போனால், சந்தையிலும் கிணற்றடியிலும் ஒருத்திக்கு ஏன் இன்னும் பிள்ளை இல்லை என்று அவர்கள் பேசுவதுதான் கதையே என்பது முதல் அத்தியாயத்திலேயே பிடிபடும். இன்றைய நைஜீரிய நாவலாசிரியர் சிமமாண்டா அடிச்சியை ஏற்கெனவே படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் அவரை இந்த மூவருக்கும் பிறகு எடுங்கள்.