மாடிப்படி சந்தேகங்கள்: எல்லாப் படியும் ஒரே உயரம்

எங்கள் சைட் 30க்கு 40 அடி. மாடிக்கு எத்தனை படி வரும்? (ராமமூர்த்தி நகர், பெங்களூரு)

சைட் அளவை வைத்துப் படி எண்ண முடியாது. தளத்துக்குத் தளம் உயரம் எவ்வளவு என்று எழுதவே இல்லையே! 10 அடி என்று வைத்துக்கொள்கிறேன். 18 ரைசர் (ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும் உயரம்) வரும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆறே முக்கால் அங்குலம். ட்ரெட் (கால் வைக்கும் பகுதியின் ஆழம்) 11 அங்குலம். நடுவில் லேண்டிங்கில் (இடைமேடையில்) திரும்பும் படி என்றால் 11க்கு 7 அடி ஒதுக்குங்கள். தேசியக் கட்டட விதிப்படி வீட்டுக்கு ரைசர் 19 செ.மீ.க்கு மேல் கூடாது, ட்ரெட் 25 செ.மீ.க்குக் குறையக் கூடாது, படியின் அகலம் 1 மீட்டர் வேண்டும். இவை எல்லைக்கோடு. அதை ஒட்டியே கட்ட வேண்டும் என்பதில்லை.

லேண்டிங்குக்குப் பதில் மூலையில் முக்கோணப் படி வைக்கலாமா? (கே.ஆர்.புரம்)

இடம் மிச்சமாகும், ஆனால் உள்முனையில் பாதம் பதியாது. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

கிரானைட் போட்டபின் முதல் படி குட்டை, கடைசிப் படி உயரம். பழகிவிடும் என்கிறார் மேஸ்திரி. (பாணஸ்வாடி)

பழகாது. இரண்டு மூன்று படி ஏறியதுமே கால் உயரத்தைக் கற்றுக்கொள்கிறது, பிறகு கண் கீழே பார்ப்பதில்லை. அங்கேதான் தடுக்கும். வருடக்கணக்காக இதைத்தான் சொல்லி வருகிறேன், ஆனாலும் புது வீடுகளில் இதே தவறைப் பார்க்கிறேன், மனம் வலிக்கிறது. கான்கிரீட் போடும்போது எல்லாப் படியும் ஆறரை அங்குலம் என்று வையுங்கள். பிறகு தரைக்குக் கலவையும் டைலுமாக இரண்டரை அங்குலம் ஏறுகிறது, படிக்குக் கல்லும் கலவையும் சேர்ந்து ஒன்றரைதான். முதல் படி ஐந்தரையாகிறது, கடைசி ஏழரை. ஒரே வீட்டில் 2 அங்குல வித்தியாசம்! சென்ட்ரிங் (கான்கிரீட்டுக்கான பலகை அச்சு) அடிக்கும் முன்பே, டைல் போட்டு முடித்தபின் கீழ்த்தரையும் மேல்தளமும் எந்த மட்டத்தில் வரும் என்று சுவரில் கோடு போடுங்கள். அந்த உயரத்தைச் சமமாகப் பிரித்து, கல்லின் கனத்தைக் கழித்தபின் கான்கிரீட் போடச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் கல்லைப் பெயர்த்து, கான்கிரீட்டைத் திருத்தித்தான் சரிசெய்ய வேண்டும். செலவுதான், செய்துவிடுங்கள்.

வாஸ்துவுக்கு ஒற்றைப்படை வேண்டும். கடைசியில் ஒரு சின்னப் படி சேர்க்கலாமா? (அல்சூர்)

கூடவே கூடாது. மேலே சொன்னதைப் படியுங்கள். 10 அடியை 19 ஆகவே பிரியுங்கள், ஏறக்குறைய ஆறேகால் அங்குலம் வரும். எல்லாப் படியும் ஒரே உயரம்.

லேண்டிங்குக்குக் கீழே டாய்லெட்?

10 அடியில் நடு லேண்டிங் 5 அடியில் நிற்கும், கான்கிரீட் கனம் போக நாலரை. உள்ளே எப்படி நிமிர்வது? கீழே நடமாட 2.2 மீட்டர் உயரம் வேண்டும். யு.பி.எஸ்., செருப்பு அலமாரி வையுங்கள்.

வாடகைக்கு விடும் மாடிக்கு வெளிப்படி. பாலிஷ் கிரானைட் போடலாமா?

மழையில் வழுக்கும். சொரசொரப்பான சாதரஹள்ளிக் கல் (பெங்களூரு பக்கத்துச் சாம்பல் நிறக் கிரானைட்) போடுங்கள். கைப்பிடி 1 மீட்டர் உயரம், கம்பி இடைவெளி 4 அங்குலத்துக்குள், கம்பிகள் நெட்டுக்குத்தாக. படுக்கைக் கம்பியில் குழந்தைகள் ஏறிவிடும்.