சுகர் கேள்வி பதில்: வீட்டில் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியவை

சேலத்தில் பல வருஷம் சுகர் கிளினிக்கில் நர்ஸாக இருந்தவள் நான். மாத்திரை அளவைக் கூட்டவோ குறைக்கவோ என்னிடம் கேட்காதீர்கள், அது உங்கள் டாக்டரின் வேலை. மற்றதைக் கேளுங்கள்.

அம்மாப்பேட்டை, கைத்தறி நெசவு: சிஸ்டர், சுகர் வந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. கால் மரத்த மாதிரி இருக்கு, ஆனா வலி ஒண்ணும் இல்லை. கவலைப்படணுமா?

வலி இல்லை என்பதுதான் கவலை. நரம்பு மங்கிவிட்டால் முள் குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. நீங்களோ தறிக்குழியில் வெறுங்காலோடு நாள் முழுக்க மிதிக்கட்டையை மிதிக்கிறவர். கட்டையில் சிலாம்பு கிளம்பியிருக்கிறதா என்று வேலைக்கு உட்காரும் முன் கையால் தடவிப் பாருங்கள்.

ராத்திரி படுக்கும் முன், முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதற்கு மேலே பாதத்தைப் பிடியுங்கள். குதிகால், பெருவிரலுக்குக் கீழே உள்ள மேடு, விரல் இடுக்கு, மூன்றையும் பார்க்க வேண்டும். கண் மங்கல் என்றால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்போ கொப்புளமோ வெடிப்போ இருந்தால் மறுநாளே காட்டுங்கள், ‘ரெண்டு நாள் பார்ப்போம்’ வேண்டாம். குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரல் இடுக்கில் தடவாதீர்கள், ஊறிப்போய்ச் சேற்றுப்புண் வரும். கால் ஆணியை பிளேடால் சீவக் கூடாது. கடையில் விற்கிற ஆணி பிளாஸ்திரியும் வேண்டாம், அதிலுள்ள ஆசிட் நல்ல தோலையும் அரித்துவிடும். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்க்கும் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். சில நிமிஷ வேலைதான்.

ஆடியில் தீமிதி வேண்டுதல் இருந்தால் மாவிளக்காக மாற்றிக்கொள்ளுங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

சூரமங்கலம்: தினமும் வெந்தயத் தண்ணீர் குடிச்சா மாத்திரையை நிறுத்திடலாமா?

கூடாது. வெந்தயமும் சாப்பிடுங்கள், மாத்திரையும் சாப்பிடுங்கள்.

நாகலூர், ஏற்காடு: காப்பித் தோட்டத்தில் வேலை. காலையில் இன்சுலின் போட்டுட்டுக் கிளம்பினா பத்து மணிக்கெல்லாம் கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது. இந்தக் குளிரில் ஏன் வேர்க்குது?

அது லோ சுகர். 70-க்குக் கீழே போனால் உடம்பு இப்படித்தான் சத்தம் போடும். மலைச்சரிவில் ஏறி இறங்கிப் பழம் பறிப்பது லேசான வேலையா? ஊசி போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். ‘போய்ச் சாப்பிட்டுக்கலாம்’ என்று கிளம்பாதீர்கள்.

மடியில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். நடுக்கம் வந்ததும் உட்கார்ந்து, மூன்று ஸ்பூன் குளுக்கோஸோ சீனியோ தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிஷத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. அப்புறம்தான் இட்லியோ பிஸ்கெட்டோ. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், ஊசியின் அளவை அவர் பார்க்க வேண்டியிருக்கும்.

ஊசி என்றதும் நான் எல்லோரிடமும் சொல்வது: மருந்துக் குப்பியில் 40 என்று இருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 என்று இருந்தால் ஆரஞ்சு மூடி. 100 மருந்தைச் சிவப்பு மூடியில் எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். கடைக்காரர் கொடுத்தார் என்று வாங்கி வராதீர்கள், மூடியைப் பாருங்கள்.

ஓமலூர்: நம்ம ஊர் வெல்லம் போட்டுக் காப்பி குடிச்சா தப்பில்லையே? சீனி மாதிரி ரசாயனம் கிடையாதே.

தப்புதான். 10 கிராம் சீனியில் சுமார் 40 கலோரி, வெல்லத்தில் அதை ஒட்டித்தான். இரண்டும் கரும்புச்சாறு. ரத்தத்துக்கு நிறம் தெரியாது.

ஓமலூர்: எங்க தாத்தா கடைசி வரைக்கும் வெல்லம்தான் சாப்பிட்டார். அவருக்கு ஏது சுகர்?

செவ்வாய்ப்பேட்டை: அண்ணே, நான் வெல்ல மண்டியில இருக்கிறவன். பாகில் சீனியைக் கொட்டுறாங்கன்னு உங்க பக்கத்து ஆலைகள்லதானே சோதனை போட்டாங்க?

ஓமலூர்: எங்க ஆலையில் கலக்கிறதில்லை. வந்து பாருங்க.

வாழப்பாடி: அப்போ கருப்பட்டி?

மண்டிச் சண்டையை மண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கலப்படமே இல்லாத முதல் தர வெல்லமும் சுகரை ஏற்றும். தாத்தா விடிகாலையில் ஏர் பூட்டினார், நீங்கள் பைக்கில் டீக்கடைக்குப் போகிறீர்கள். வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறதே என்று அடுத்து கேட்பீர்கள். அதற்கு முருங்கைக்கீரை இருக்கிறது. கருப்பட்டி, தேன், பனங்கற்கண்டு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

சேகோ ஆலைகள் நிறைந்த ஊரில் இதைச் சொல்லச் சங்கடம்தான், ஆனாலும் சொல்கிறேன். ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. விரதம் என்று ஒரு தட்டு ஜவ்வரிசி உப்புமா சாப்பிட்டுவிட்டு, ‘சோறே தொடலை, எப்படி ஏறிச்சு’ என்று கேட்டவர்கள் நிறைய.

கொண்டலாம்பட்டி: மல்கோவா?

இரண்டு துண்டு, சோற்றைக் குறைத்துக்கொண்டு. ஜூஸ் வேண்டாம். இரண்டு மணி நேரம் கழித்து மெஷினில் பாருங்கள், உங்கள் உடம்பே பதில் சொல்லும்.

ஆத்தூர்: கொய்யா இலைக் கஷாயம் குடிச்சா மாத்திரையை…

சூரமங்கலத்துக்குச் சொன்னதுதான்.

அஸ்தம்பட்டி, ஆசிரியை: குத்தி, எழுதி, அளந்து சாப்பிட்டு அலுத்துப்போச்சு சிஸ்டர். மாத்திரை மட்டும் போடறேன். மெஷினை எடுத்தே ஒரு மாசம் ஆச்சு. டாக்டர் திட்டுவார்னு அங்கேயும் போகலை.

மாத்திரையை விடாமல் இருக்கிறீர்களே, முக்கியமானதைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். மாத்திரையில் மட்டும் இருக்கிறவர்கள் பலருக்கு தினமும் குத்த வேண்டிய அவசியமே இல்லை. எத்தனை நாளுக்கு ஒரு முறை போதும் என்று டாக்டரிடம் கேளுங்கள், சுமை பாதியாகிவிடும். மூணு மாச டெஸ்டை (HbA1c, கடந்த மூணு மாசச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அதில் 7 என்று வந்தால் உங்கள் சராசரி சுமார் 154 என்று அர்த்தம்.

டீச்சர் என்பதால் மெஷினில் வரும் எண்ணை மார்க்காகப் பார்க்கிறீர்கள். 240 என்றால் நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டோம், தூங்கினோமா, சளி காய்ச்சல் இருக்கிறதா என்று யோசிக்க ஒரு தகவல், அவ்வளவுதான். டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதலில் ‘ஒரு மாசமா பார்க்கலை’ என்று சொல்லிவிடுங்கள். நோட்டில் பொய்க் கணக்கு எழுதிக்கொண்டு போனால் அந்தக் கணக்குக்குத்தான் மருந்து எழுதுவார். தூக்கம் கெட்டு, எதிலும் மனசு ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் உண்டு.

மேச்சேரி: ஆவாரம்பூ டீ குடிச்சா…

இலை, பூ, பட்டை, வேர் எதுவானாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

எடப்பாடி: ஃபிரிட்ஜ் இல்லை. இன்சுலினை எங்கே வைக்கிறது?

பெரிய மண்பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை. மருந்தை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அதில் வைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வையுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளியுங்கள். திறந்த குப்பியைப் பொதுவாக நாலு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்த மருந்தை நம்பாதீர்கள். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னால் கதவுத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். ஒரு தடவை உறைந்தால் அந்த மருந்து குப்பைக்குத்தான்.