கேள்வி நேரம்: எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்களே!

கேள்வி: பவானியில் அப்பா காலத்திலிருந்து ஜமக்காளக் கடை வைத்திருக்கிறோம், பின்கட்டில் மூன்று குழித்தறி ஓடுகிறது. கூடுதுறைக் கோயிலுக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள், விலை கேட்கிறார்கள், போய்விடுகிறார்கள். மூன்று லட்சம் போட்டு முன்பக்கம் கண்ணாடியும் ஏசியும் வைக்கலாம் என்கிறான் மகன். செய்யலாமுங்களா?
- ஒரு வாசகர், பவானி

பதில்: கொஞ்சம் பொறுங்க. உங்கள் வீட்டுக்கு ஒரம்பரை வந்தால் என்ன செய்வீர்கள்? "வாங்க வாங்க" என்று ஜமக்காளத்தை உதறி விரிப்பீர்கள், சொம்பில் தண்ணீர் வரும், அப்புறம்தான் வந்த காரியம் என்ன என்ற பேச்சே. கடைக்கு வருகிறவருக்கு மட்டும் ஏன் பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் பில் புத்தகமும் டிபன் கேரியரும் ஏறி உட்கார்ந்திருக்கிற நாற்காலி?

உங்கள் கடை அப்படியில்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் வந்தபோது நான் ஏறிய ஒரு கடையில் சரக்கு கூரை வரை அடுக்கியிருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது மடிப்பின் ஓரம் மட்டும். ஒன்றை விரித்துக் காட்டச் சொன்னேன். "எத்தன வேணும்?" என்றார் பெரியவர், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதைச் சொல்லக் கூச்சமாகி இறங்கி வந்துவிட்டேன்.

அதனால் முதல் வேலையாக வாசலை ஒட்டிப் பத்துக்கு எட்டடி இடத்தைக் காலி செய்து, சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட பெரிய ஜமக்காளம் ஒன்றை விரித்தே போட்டு வையுங்கள். வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரட்டும், தடவிப் பார்க்கட்டும், கூட வந்த குழந்தை உருளட்டும். அழுக்காகும்தான். மாதம் ஒன்றை மாற்றி, அழுக்கானதைத் துவைத்துப் பக்கத்திலேயே மடித்து வைத்தால், சாயம் போகுமா என்று கேட்கிறவரிடம் நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம், அதைக் கையில் கொடுத்தால் போதும். (போயிருந்தால்? அப்போது கோளாறு வாசலில் இல்லை.) முட்டிவலிக்காரர்களுக்கு ஒரு மர பெஞ்சு, அதன் மேலும் மடித்துப் போட்ட ஜமக்காளம்.

அடுத்தது தறி. பின்கட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். ஜமக்காளம் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகம், விசைத்தறியில் நெய்யக் கூடாது, பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இதெல்லாம் வெளியூர்க்காரருக்கு எங்கே தெரியும், "இதே மாதிரி வேற எடத்துல பாதி விலைக்குத் தர்றாங்க" என்பார். குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெசவாளர் மிதிப்பதையும் நூல் சுற்றிய நாடா குறுக்கே ஓடுவதையும் ஒரு விரற்கடை துணி ஏற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதையும் இரண்டு நிமிடம் நின்று பார்த்தவர் பெரும்பாலும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். ஆனால் நெசவாளரிடம் முதலில் கேட்டுவிடுங்கள், வேடிக்கைப் பொருளாக உட்காருவது எல்லோருக்கும் பிடிக்காது.

வாசல்படிக்குச் சாய்தளம் போடுவதானால் உயரம் ஒரு பங்கு, நீளம் 12 பங்கு என்பது கணக்கு. அரை அடிப் படிக்கு ஆறடி நீளம் வேண்டும். இரண்டடிப் பலகையைச் சரித்துப் போட்டால் சக்கர நாற்காலியைத் தள்ளி ஏற்ற முடியாது. அப்புறம் கழிப்பறை. விடிகாலையில் வேனில் கிளம்பி வந்த பெண்களுக்கு உள்ளே தாழ்ப்பாள் விழுகிற, தண்ணீர் வருகிற ஒரு கழிப்பறை இருந்தால் வேன் உங்கள் கடை முன்னால் தானாக நிற்கும்.

கண்ணாடியை மகன் மறந்துவிடட்டும். சும்மா பார்க்க உள்ளே போகலாமா என்று இப்போதே தயங்குகிறவர்கள், கதவைத் தள்ளித் திறக்க வேண்டியிருந்தால் இன்னும் தயங்குவார்கள்.

கேள்வி: எங்களுடையது சின்ன பனியன் கம்பெனி. சாம்பிள் ரூமில் 6500 கெல்வின் எல்இடி போட்டிருக்கிறோம். இருந்தும் பையர் தரப்பில் வருகிறவர்கள் துணியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கலர் பார்க்கிறார்கள். சங்கடமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அவர்கள் செய்வது சரிதானுங்க அம்மா. 6500 என்பது வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்பதைத்தான் சொல்லும். துணியின் நிறம் உள்ளபடி தெரியுமா என்பதற்கு சிஆர்ஐ என்று வேறொரு எண் உண்டு. 90-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், விலை மலிவான விளக்குகளில் பெரும்பாலும் 80-தான். அந்த வெளிச்சத்தில் மெரூன் பழுப்படிக்கும். வேறு வேறு சாயத்தில் போட்ட காலரும் பாடியும் ஒரு விளக்கில் ஒத்துப்போய் இன்னொன்றில் பல்லிளிப்பதும் உண்டு. அதற்குத்தான் டி65 (பகல் வெளிச்சம் மாதிரி), டிஎல்84 (கடை டியூப்லைட் மாதிரி) விளக்குகளை மாற்றி மாற்றிப் போட்டுத் துணியைப் பார்க்கிற லைட் பாக்ஸ் என்ற பெட்டி. வாங்க வசதிப்பட்டால் அதைத்தான் முதலில் வாங்குங்கள். இல்லையென்றால் வடக்குப் பார்த்த ஜன்னலோரம் ஒரு வெள்ளை மேஜையைப் போட்டு நீங்களே அங்கே கூட்டிப்போங்கள். சுவருக்கு ரோஸ் பெயிண்ட் அடித்திருந்தால் சாம்பல் நிறத்துக்கு மாற்றிவிடுங்கள், ரோஸ் துணியிலும் ஏறும்.

கேள்வி: கடை வாசலில் மீன் தொட்டி வைத்தால் ஆள் வருமா?
- ஒரு வாசகர், கோபி

பதில்: தொட்டி கழுவ ஆள் இருக்கிறதா? இருந்தால் வையுங்கள், குழந்தைகள் நிற்பார்கள், குழந்தை நின்றால் அம்மாவும் நிற்பார். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் தண்ணீர் பச்சையாகி மீன் இருக்கிறதா இல்லையா என்று வருகிறவர்கள் பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.