வேலையை விடச் சொல்வதற்கு முன்னால் கணக்கைக் கேளுங்கள்

கேள்வி: என் அக்கா ஒரு காலத்தில் பெரிய இடத்து மருமகள். விருந்து, பார்ட்டி, பத்திரிகையில் படம் என்று வாழ்ந்தவள். மாமாவின் தொழில் நொடித்து, அவரும் விட்டுவிட்டுப் போன பிறகு, இப்போது ஒரு நைட் கிளப்பில் வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசவும் ஆடவும் சம்பளம் வாங்குகிறாள். அவளுடைய பழைய தோழியின் கணவர் அங்கே பார்த்துவிட்டு எல்லோரிடமும் சொல்லிவிட்டார். வேலையை விடச் சொன்னால் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். அம்மாவிடம் சொல்லிவிடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, அங்கே காசு கொடுத்துப் போய் உட்கார்ந்த அந்த மனிதரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அங்கே உழைத்துச் சம்பாதிக்கிற உங்கள் அக்காவைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். படிக்கும்போதே எனக்குக் கோபம் வந்தது.

வசதியாக இருந்த காலத்தில் அக்கா என்ன செய்துகொண்டிருந்தார் என்று யோசித்துப் பாருங்கள். வந்தவர் பெயரை மறக்காமல் கூப்பிடுவது, யார் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது, சலிப்பான பேச்சையும் முகம் சுளிக்காமல் கேட்பது. அதே திறமைக்கு இன்று கூலி கிடைக்கிறது, அவ்வளவுதான். 1917 புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவை விட்டு ஓடி ஷாங்காயில் ஒதுங்கிய பிரபுக் குடும்பத்துப் பெண்களும் ராணுவ அதிகாரிகளின் மனைவி, மகள்களும் அங்கிருந்த நடன விடுதிகளில் இதைச் செய்துதான் வீட்டைக் காப்பாற்றினார்கள். 1921-ல் சோவியத் அரசு அவர்களைப் போன்றவர்களின் குடியுரிமையையே பறித்துவிட்டது, போக வேறு இடமும் இல்லை.

அதனால் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். நிறையவே இருக்கிறது, ஆனால் நீங்கள் பயப்படும் இடத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. அமெரிக்காவில் 1920-களில் நடன விடுதிப் பெண்ணோடு ஒரு முறை ஆடப் பத்து சென்ட் டிக்கெட், அதில் பாதிதான் ஆடிய பெண்ணுக்கு. இன்றைக்கும் பல கிளப்களில் சம்பளத்தைவிட, வருகிறவர் வாங்கித் தரும் பானத்தில் கிடைக்கும் கமிஷன்தான் பெரிது. அவள் கிளாஸில் வெறும் ஜூஸ் இருக்கும், பில்லில் மதுவின் விலை இருக்கும். சில இடங்களில் வாடிக்கையாளர் கடன் சொல்லிவிட்டுப் போனால் அதை அந்தப் பெண் தலையில் கட்டுவார்கள். சேரும்போதே அட்வான்ஸ், உடை வாங்கப் பணம் என்று கொடுத்து, அப்புறம் தாமதத்துக்கும் லீவுக்கும் அபராதம் போட்டுக் கடனை ஏற்றிக்கொண்டே போவார்கள். விட நினைத்தாலும் விட முடியாமல் போவது இங்கேதான்.

அதனால் அடுத்த முறை பார்க்கும்போது "விட்டுடு" என்று ஆரம்பிக்காதீர்கள். சாப்பிட்டாயா, ராத்திரி எப்படி வீட்டுக்கு வருகிறாய் என்று கேளுங்கள். பேச ஆரம்பித்தால், கிளப்புக்கு ஏதாவது பாக்கி இருக்கிறதா, எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறாளா, பாஸ்போர்ட்டோ வேறு அசல் ஆவணமோ அவர்களிடம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆவணத்தைப் பிடித்து வைத்திருந்தாலோ, வெளியே வாடிக்கையாளரோடு போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தினாலோ, உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். அப்படி எதுவும் இல்லை, பாக்கி மட்டும்தான் என்றால், உங்களால் முடிந்த பணத்தை முதலில் அதை அடைக்கக் கொடுங்கள். பாக்கி இல்லாதவள் நினைத்த அன்றைக்கு வெளியே வரலாம், இருக்க நினைத்தால் இருக்கவும் செய்யலாம்.

அம்மாவிடம் நீங்கள் சொல்லக் கூடாது. அது அக்கா சொல்ல வேண்டிய விஷயம், அவர் சொல்லத் தயாராகும்போது கூட வருகிறேன் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.