தள்ளிப்போட்ட கார் வேலைகளும் அவை வாங்கும் வட்டியும்

கேள்வி: என்னுடைய காருக்கு ஏழு வயதாகிறது, 80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் செய்ய வேண்டிய வேலைகளைக் கைபேசியில் குறித்து வைத்திருக்கிறேன். பிரேக் மிதிக்கும்போது முன்சக்கரத்தில் கீச்சென்ற சத்தம், சக்கரத்துக்கு உள்பக்கம் கிழிந்துள்ள ரப்பர் பூட், முன்கண்ணாடியில் கல் பட்ட சிறு புள்ளி, மாதாமாதம் கொஞ்சம் குறையும் கூலன்ட், தேய்ந்த வைப்பர், மாற்றாத கேபின் ஃபில்டர் ஆகியவை ஒருபுறம். ரிவர்ஸ் கேமரா, பிரகாசமான முகப்பு விளக்கு, தொடுதிரை, புதிய சீட் கவர் ஆகியவை மறுபுறம். ஏறத்தாழ ஓராண்டாகப் பட்டியல் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் மிஞ்சும் தொகையை வீட்டுக்கடனின் அசலில் கட்டிவிடுகிறேன். கடனுக்கு 9 விழுக்காடு வட்டி. இரண்டு ஆண்டுகளில் காரை விற்றுவிடும் எண்ணமும் உண்டு. கார் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, இந்த வேலைகளைத் தள்ளிப்போட்டுக் கடனை அடைப்பதுதானே புத்திசாலித்தனம்?

பதில்: கடனை முன்கூட்டியே அடைக்கும் பழக்கம் நல்ல பழக்கம், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால், நீங்கள் குறித்து வைத்திருக்கும் பத்து வேலைகளும் ஒரே தன்மை உடையவை என்று எடுத்துக்கொண்டதால்தான் இந்தக் கணக்கு உங்களுக்குச் சரியாகத் தோன்றுகிறது. செய்ய வேண்டிய ஒரு வேலையைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் நீங்கள் காரிடமிருந்து கடன் வாங்குகிறீர்கள். அந்தக் கடனுக்கு வேலைக்கு வேலை வட்டி மாறும்: தொடுதிரைக்கு வட்டியே இல்லை, கேபின் ஃபில்டருக்கு மிகக் குறைந்த வட்டி, கூலன்ட் கசிவுக்கோ கந்துவட்டி. வீட்டுக்கடனின் 9 விழுக்காட்டை இவை ஒவ்வொன்றோடும் தனித்தனியாக ஒப்பிட வேண்டும்.

பிரேக்கை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டான டிஸ்க்கை அழுத்திப் பிடித்துக் காரை நிறுத்துவது பிரேக் பேட். பல கார்களில் அந்தப் பேடின் ஓரத்தில் ஒரு சிறு உலோகத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். பேடின் உராய்வுப் பகுதி இரண்டு மூன்று மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். தூசியாலும் ஈரத்தாலும்கூடச் சில சமயம் சத்தம் வரும் என்பதால், சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். டிஸ்க்கை அணைத்தபடி தெரியும் கரும்பட்டை அதைத் தாங்கும் இரும்புத் தகட்டைவிட மெலிதாக இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. அந்தக் கரும்பட்டை முழுவதும் தேய்ந்துபோனால் இரும்பு இரும்பை அரைக்கும். அதன்பின் பேடை மட்டும் மாற்றி ஒப்பேற்ற முடியாது, டிஸ்க்கையும் மாற்றியாக வேண்டும்.

இதைப் பணக்கணக்காக எழுதுகிறேன். பேட் மாற்றும் செலவை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கும் கெட்டுப்போனால் கூடுதலாக 120 பங்கு ஆகும் என்று கொள்வோம். ஓராண்டு தள்ளிப்போட்டு அந்த 100 பங்கைக் கடனில் கட்டினால் உங்களுக்கு மிஞ்சுவது 9 பங்கு. பேடுக்கான 100 பங்கை இன்றில்லாவிட்டாலும் என்றாவது கொடுத்தே தீர வேண்டும் என்பதால், ஒப்பிட வேண்டியவை 9-உம் 120-உம் மட்டுமே. ஒன்பதை 120-ஆல் வகுத்தால் 7.5 விழுக்காடு வருகிறது. அதாவது, அந்த ஓராண்டுக்குள் டிஸ்க் கெடுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஏழரையைத் தாண்டினாலே தள்ளிப்போடுவது நட்டம். ஏற்கெனவே கீச்சிடத் தொடங்கிவிட்ட பேடுக்கு அந்த வாய்ப்பு ஏழரையோடு நிற்கும் என்று எந்த மெக்கானிக்கும் சொல்ல மாட்டார். பிரேக் பிடிக்காமல் போனால் நேரும் இழப்பை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை; சேர்த்தால் கணக்கே தேவைப்படாது.

கூலன்ட் விஷயத்தில் உங்கள் கேள்வியின் தொனி எனக்குக் கவலையளித்தது. "மாதாமாதம் கொஞ்சம் குறையும்" என்பதைப் பெட்ரோல் குறைவதைப் போல இயல்பான ஒன்றாக எழுதியிருக்கிறீர்கள். கூலன்ட் என்பது எஞ்சினைக் குளிர்விக்க ஒரு மூடிய சுற்றில் ஓடும் திரவம். நல்ல நிலையில் உள்ள காரில் அது மாதந்தோறும் ஊற்றும் அளவுக்குக் குறையக் கூடாது. குறைகிறது என்றால் ஒரு ஹோஸ் பைப்பிலோ ரேடியேட்டர் மூடியிலோ வாட்டர் பம்ப்பிலோ கசிவு இருக்கிறது, அல்லது எஞ்சினுக்கு உள்ளேயே எரிந்துபோகிறது. குறைந்ததற்கு வெறும் தண்ணீரை ஊற்றி வந்திருந்தால், துருவைத் தடுக்கும் மருந்தும் நீர்த்துப்போயிருக்கும். ஹோஸ் பைப்பும் மூடியும் இந்தப் பட்டியலிலேயே மிக மலிவான பொருள்கள். ஆனால் ஒரு நீண்ட பயணத்தில் கூலன்ட் தீர்ந்து எஞ்சின் கொதித்தால், அலுமினியத்தாலான சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்து, எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கும் நிலை வரும். ஏழு வயதுக் காரில் அந்தச் செலவு காரின் விலையோடு போட்டி போடக்கூடும். காப்பீடு இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். வழக்கமான வாகனக் காப்பீடுகள் விபத்துக்குத்தான் ஈடு தருகின்றன, தேய்மானத்துக்கும் பராமரிப்பின்மையால் வந்த பழுதுக்கும் பொதுவாகத் தருவதில்லை.

ரப்பர் பூட்டின் வட்டி வேறு விதமாக ஏறும். சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் சி.வி. ஜாயின்ட்டை மூடி, அதற்குள் கிரீஸைப் பிடித்து வைத்திருப்பதுதான் அந்த மடிப்பு மடிப்பான ரப்பர் உறையின் வேலை. அது கிழிந்தால் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே வீசப்படும். சக்கரத்தின் உள்விளிம்பில் வட்டமாகக் கரிய பிசுக்கு தெறித்திருப்பதைக் காணலாம். போன கிரீஸின் இடத்தில் மண்ணும் நீரும் புகுந்து ஜாயின்ட்டை அரைக்கும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக நகரும்போது 'டக் டக்' என்ற ஒலி இன்னும் வரவில்லை என்றால், பூட்டை மட்டும் மாற்றிப் புதுக் கிரீஸ் அடைத்துத் தப்பிக்கலாம். ஒலி வந்துவிட்டால் அந்தக் கடன் முதிர்ந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு பூட்டுக்குச் செலவழிப்பது வீண், ஜாயின்ட்டையோ முழு ஆக்ஸிலையோதான் மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே இந்த வாரமே ஓர் ஆளில்லாத இடத்தில் இரு பக்கமும் திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.

முன்கண்ணாடிப் புள்ளியைப் பற்றிச் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். என் கண்ணாடியில் மிளகளவு புள்ளி ஒன்று நான்கு மாதம் அசையாமல் இருந்தது. அசையாததையே அதன் நல்ல குணமாக எடுத்துக்கொண்டேன். வெயிலில் நின்ற காரில் ஏறி, குளிர்காற்றை நேராகக் கண்ணாடிக்குத் திருப்பிய ஒரு பகலில், அந்த மிளகிலிருந்து ஒரு கோடு புறப்பட்டு ஓரம் வரை போய் நின்றது. பிசின் ஊற்றி அரை மணி நேரத்தில் அடைத்திருக்கக்கூடிய ஒன்றுக்காக முழுக் கண்ணாடியையும் மாற்றினேன். அடுத்தவர் பணத்துக்கு ஆலோசனை சொல்பவன் தன் பணத்தை இப்படி விட்டதை வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். சில காப்பீடுகளில் புள்ளியை அடைக்கும் செலவுக்குத் தனிச் சலுகை உண்டு. உங்கள் பாலிசியை எடுத்து அந்தப் பத்தியை மட்டும் படித்துவிடுங்கள்.

வைப்பரையும் கேபின் ஃபில்டரையும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். வைப்பரின் ரப்பர் போய் உலோகம் கண்ணாடியைக் கீறுவதற்கு முன் மாற்றினால் போதும். கேபின் ஃபில்டரால் எஞ்சினுக்குக் கேடில்லை, உங்கள் மூக்குக்குத்தான்.

இனி, உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று. எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தவறாமல் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட் என்ற பட்டை அல்லது ஒரு செயின். உங்கள் எஞ்சினில் இருப்பது பெல்ட்டா, செயினா என்று தெரியுமா? செயின் என்றால் குறிப்பிட்ட கெடுவில் மாற்ற வேண்டிய பொருளாக அது பொதுவாக இருப்பதில்லை. பெல்ட் என்றால், இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டுகள், இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்று காரோடு வந்த கையேட்டில் எழுதியிருக்கும். சில கார்களுக்கு அந்தக் கெடு 80,000 கிலோமீட்டரை ஒட்டியே வருகிறது. பெல்ட் கீச்சிடாது, கசியாது, எச்சரிக்கை விளக்கும் எரியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்தால், பல வகை எஞ்சின்களில் பிஸ்டன் மேலேறி வால்வுகளை முட்டி வளைத்துவிடும். கைபேசிப் பட்டியல்களில் எப்போதும் கண்ணையும் காதையும் உறுத்துபவைதான் இடம்பிடிக்கின்றன. மிக அதிக வட்டி ஓடும் கடன் சத்தமில்லாமல் வெளியே நின்றுவிடுகிறது. பிரேக் திரவமும் இதே வகை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகைத் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது தரவிதி, ஈரம் ஏறிய நிலையில் அதே விதி 155 பாகையையே ஏற்றுக்கொள்கிறது. பிரேக் சூட்டில் திரவம் கொதித்து ஆவியானால் மிதித்தாலும் பிரேக் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் பல கையேடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன.

இத்தனையும் சொன்னதால், பணிமனையில் நீட்டும் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்திடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். எஞ்சின் ஃப்ளஷ், அடிப்பாகப் பூச்சு, டயருக்கு நைட்ரஜன் என்று நீளும் பரிந்துரைகளைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். அதில் இல்லாதவற்றைத் தயங்காமல் மறுக்கலாம். சாதாரணக் காற்றிலேயே ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன்தான் இருக்கிறது. அந்தப் பணத்துக்குப் பதில் மாதம் ஒருமுறை டயர் குளிர்ந்திருக்கும்போது அழுத்தத்தைப் பாருங்கள். நான்கு டயர்களிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் சிக்கனம் சுமார் 0.2 விழுக்காடு குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கு. தொகை சிறிதுதான், ஆனால் இதற்கு முதலீடு எதுவும் தேவையில்லை.

மேம்பாடுகளுக்கு வருகிறேன். இரண்டு ஆண்டில் விற்கப்போகும் காரில் போடும் தொடுதிரைக்கும் சீட் கவருக்கும் வாங்குபவர் பெரிதாக எதுவும் தரமாட்டார். அவை உங்கள் மகிழ்ச்சிக்கான செலவு. அப்படியே பெயரிட்டு, மகிழ்ச்சிக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து செய்தால் எனக்கு ஆட்சேபமில்லை. பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கும் கார்களில் பொருந்தாத கவர் அதைத் தடுக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். முகப்பு விளக்கு மங்கலாகத் தெரிவதற்குப் பல நேரம் பல்பு காரணமாக இருப்பதில்லை. மேலுள்ள பிளாஸ்டிக் மூடி மஞ்சளித்திருக்கும், அதை மெருகேற்றினாலே வெளிச்சம் திரும்பும். ஹாலோஜனுக்கென்று செய்த கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பைத் திணித்தால் எதிரே வருபவரின் கண்தான் கூசும். அது சட்டப்படி அனுமதிக்கப்படாத இடங்களும் உண்டு. இந்த நான்கில் நான் பரிந்து பேசுவது ரிவர்ஸ் கேமராவுக்கு மட்டும்தான். பின்னால் நிற்கும் குழந்தை கண்ணாடிகளில் தெரியாது. அமெரிக்காவில் 2018 மே மாதம் முதல் புதிய கார்களில் அது கட்டாயமாக்கப்பட்டதும் அந்தக் காரணத்துக்காகத்தான்.

விற்கப்போகிறேனே, எதற்குச் செலவு என்பதற்கும் ஒரு பதில் உண்டு. பழுது தெரிந்த காரைப் பார்க்கும்போது வாங்குபவர் அந்தப் பழுதின் செலவை மட்டும் கழித்து விலை பேச மாட்டார். பிரேக் கீச்சிடும் காரில் இன்னும் என்னென்ன கவனிக்கப்படாமல் கிடக்கிறதோ என்ற அச்சத்துக்கும் சேர்த்தே கழிப்பார். பில்களைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தால் பேரத்தில் அது உங்கள் பக்கம் பேசும்.

பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் மீதி. நீங்கள் மிஞ்சுவதையெல்லாம் கடனில் கட்டிவிடுவதால் காருக்கென்று எப்போதும் கையில் ஒன்றுமில்லை. திடீரென்று பழுதானால் கிரெடிட் கார்டைத் தேய்ப்பீர்கள், அதன் வட்டி வீட்டுக்கடனைவிடப் பன்மடங்கு. எனவே அடுத்த மூன்று மாதங்களுக்குக் கூடுதல் அசல் கட்டுவதை நிறுத்திவையுங்கள். தவணையை மட்டும் தவறாமல் கட்டுங்கள். முதல் மாதப் பணத்தில் பிரேக்கும் கூலன்ட் கசிவும் கண்ணாடிப் புள்ளியும். இரண்டாம் மாதத்தில் ரப்பர் பூட்டும் பிரேக் திரவமும். மூன்றாவதை, தேவைப்பட்டால், பெல்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கசிவு வாட்டர் பம்ப்பில் என்று தெரிந்தால் மட்டும் இந்த வரிசையை மாற்றி, காரை அதுவரை ஓட்டாமல், பம்ப்பையும் பெல்ட்டையும் ஒன்றாக மாற்றச் சொல்லுங்கள்; பல எஞ்சின்களில் இரண்டுக்கும் ஒரே இடத்தைத்தான் பிரிக்க வேண்டும், கூலி ஒருமுறையோடு போகும்.

அதன்பிறகு கடனுக்குத் திரும்பலாம், ஆனால் காருக்கென்று ஒரு தனிக் கணக்கு தொடங்கிய பிறகு. கடந்த மூன்று ஆண்டுப் பில்களைக் கூட்டி 36-ஆல் வகுத்தால் அதில் மாதம் எவ்வளவு போட வேண்டும் என்பதன் முதல் பகுதி கிடைக்கும். டயரைத் தனியாகக் கணக்கிடுங்கள்: நீங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 11,500 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்; ஒரு செட் டயர் 40,000 கிலோமீட்டர் வருமென்றால் அது சுமார் 42 மாதங்கள், ஆகவே நான்கு டயர்களின் விலையில் 42-இல் ஒரு பங்கு மாதந்தோறும் அந்தக் கணக்குக்குப் போக வேண்டும். காரை விற்கும் நாளில் கணக்கில் ஏதேனும் மிஞ்சியிருந்தால் அதை அப்படியே அசலில் கட்டிவிடுங்கள். இப்போதைக்குப் பணிமனைக்குப் போகும்போது, பேடில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சமிருந்தது என்பதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், பின்சக்கரங்களுக்கும் சேர்த்து.